பின்னால் வேகம், முன்னால் பிடி: மலைப்பாதை (டிரெயில்) சைக்கிள் டயர் பற்றி நான்கு பேரின் அனுபவங்கள்

ஏற்றத்தில் இழுக்கவும் கூடாது, இறக்கத்தில் வழுக்கவும் கூடாது என்றால், ஒரே டயரை இரண்டு சக்கரத்திலும் போட்டு அதைச் சாதிப்பது கஷ்டம். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது பாதிக்கு மேல் எடை பின்சக்கரத்தில் இறங்குகிறது. டயர் உருள மறுத்து இழுப்பதும் அங்கேதான் அதிகம் உறைக்கும். பின்டயர் கொஞ்சம் சறுக்கினால் உடம்பை நெளித்துச் சமாளித்துவிடலாம். முன்டயர் சறுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது.

என் வண்டியில் இப்போது முன்னால் மேக்ஸிஸ் டிசெக்டர், பின்னால் அதே நிறுவனத்தின் ரீகான். இரண்டும் 29 இன்ச் விட்டம், 2.4 இன்ச் அகலம். ரீகானின் நடு பட்டன்கள் (டயர் மேல் துருத்தும் ரப்பர் கட்டைகள்) குட்டை, நெருக்கம். இறுகிய மண்ணில் வண்டி அலட்டாமல் ஓடும். பிரேக் பிடிக்கும்போதுதான் அதற்கான விலை தெரியும்: உதிரி மண் கிடக்கும் செங்குத்து இறக்கத்தில் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். அங்கெல்லாம் பின்பிரேக்கை முன்கூட்டியே, மெல்லப் பிடிக்கிறேன். பழகிவிட்டால் தொந்தரவில்லை.

இதற்கு முன் முன்சக்கரத்தில் இருந்தது மேக்ஸிஸின் மினியன் டிஎச்எஃப் டயர். அதில் நடு பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் இடையே ஒரு வெற்றுத் தடம் ஓடும். வளைவில் அரைகுறையாகச் சாய்த்தால் பிடி குறைவது போல இருக்கும். துணிந்து சாய்த்தால் ஓரப் பட்டன் கடித்துக்கொள்ளும், அப்புறம் அசையாது. சமதளத்தில் கனமாகத் தோன்றியதால் மாற்றினேன். உங்கள் பாதையில் இறக்கம்தான் அதிகம் என்றால் நான் இன்றும் டிஎச்எஃப்தான் சொல்வேன்.

*

மேலே சொன்னது சரிதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெயரும் பட்டன் வடிவமும் ஒன்றாகவே இருக்கும், ரப்பரும் கேசிங்கும் (ரப்பருக்கு அடியில் உள்ள துணி உடல்) மாறினால் கையில் கிடைப்பது வேறு டயர். ஷ்வால்பே நிறுவனத்தின் அடிக்ஸ் ரப்பர் வரிசையில் டயர் மேல் உள்ள கோட்டின் நிறமே சொல்லிவிடும்: சிவப்பு என்றால் ஸ்பீட், நீலம் ஸ்பீட்கிரிப், ஆரஞ்சு சாஃப்ட், ஊதா அல்ட்ரா சாஃப்ட். மென்மையான ரப்பர் அமுங்கினால் மெதுவாகத்தான் மீளும். ஈரப் பாறையிலும் மரவேரிலும் அது ஒட்டிக்கொள்வது அதனால்தான். உருள மறுப்பதும் அதே காரணத்தால்தான், தேய்வதும் சீக்கிரம். நான் முன்னால் ஆரஞ்சு, பின்னால் நீலம் வைத்து ஓட்டுகிறேன். நடுத்தரமான ஜோடி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேசிங் விஷயத்தில் பட்டு அறிந்தவன் நான். எடை குறையட்டும் என்று பந்தயத்துக்கான மெல்லிய டயர் ஒன்றைப் பின்னால் போட்டிருந்தேன் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்). கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்ததில் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) முழுக்கத் தரையில் போய்விட்டது. அத்தனை பெரிய கிழிசலை அதனால் அடைக்க முடியாது. வீடு வரை தள்ளிக்கொண்டுதான் போனேன். இப்போது பின்டயர் கொஞ்சம் கனமான கேசிங். ஏற்றத்தில் அந்தக் கூடுதல் எடையை என் கால்கள் கண்டுபிடிக்கவே இல்லை.

*

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! என் எடை 75 கிலோ, ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்). காற்றழுத்தம் முன்னால் 21 பிஎஸ்ஐ, பின்னால் 24. இதில் இரண்டு பிஎஸ்ஐ கூட்டினால் வேர்கள் மேல் வண்டி துள்ளும். இரண்டு குறைத்தால் வேகமான வளைவில் டயர் ஒருபக்கமாக மடங்குவது தெரியும், ரிம் கல்லில் இடிக்கும் சத்தமும் கேட்கும். கரடுமுரடான பாதையில் அழுத்தத்தை ஏற்றினால் வேகமும் ஏறும் என்பது உண்மையில்லை. கல்லை விழுங்காத டயர் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்குகிறது, அந்த உழைப்பு கால்களிலிருந்துதான் போகிறது. தரையில் வைக்கும் பெரிய பம்பின் முள்ளை இந்த அளவில் நம்ப முடியாது. தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வைத்துக்கொள்ளுங்கள். புது டயரைவிட அது அதிகம் மாற்றிவிடும்.

*

மழைக்காலம் வந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் புரளும், அண்ணா. நெருக்கமான பட்டன் களிமண்ணில் அடைத்துக்கொண்டு மொழுக்கென்று ஆகிவிடும். இடைவெளி விட்ட, உயரமான பட்டன்தான் சுழலும்போதே சேற்றை உதறும். வருடம் முழுக்க ஒரே ஜோடி என்றால் பின்னால் ரீகான் வேண்டாம் என்பேன். ஷ்வால்பேயின் நாபி நிக் மாதிரி இடைப்பட்ட டயர் ஒன்று போதும். காய்ந்த நாளில் கொஞ்சம் வேகம் போகும், போகட்டும். 2.6 இன்ச் அகலம் எடுப்பவர்கள் பின் ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சேறு ஒட்டினால் அந்த இடமும் குறையும்.