இணைப்பு போட்ட பக்கங்கள்: இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

வெண்ணாறு:
தேர்வு முடிவு வெளியான நாள். பார்வையற்ற நண்பர், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளில் இன்செர்ட்டையும் எஃப்7ஐயும் அழுத்தினார். பக்கத்தின் இணைப்புகள் பட்டியலாக வந்தன. கீழ் அம்புக்குறியை அழுத்த அழுத்த "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்". இளநிலை எது, முதுநிலை எது? "எங்கே என்று கேட்டால் சொல்லவா போகிறது?" என்று சிரித்தார். இணைப்பு போகும் முகவரியான எச்ரெஃப் எல்லாம் சரியான கோப்புக்குத்தான் போயின. இணைப்பு போடும் ஏ டேகுக்கு நடுவே "பி.ஏ. தமிழ் முடிவுகள்" என்று எழுத யாருக்கு என்ன செலவு?

நள்ளிரவு நிரலர்:
வெண்ணாறு, அங்கே இணைப்பாவது வேலை செய்திருக்கிறது. ஒரு கடைக்காரர் தம் புதிய தளத்தைக் காட்டினார். டெஸ்க்டாப் ஐகானை அழுத்தித் திறந்தார், விலைப்பட்டியல் வந்தது. என் கைபேசியில் தளம் வந்தது, விலைப்பட்டியல் வரவில்லை. மூலநிரலைப் பார்த்தால் அந்த இணைப்பின் முகவரி "ஃபைல்" என்று தொடங்கி சி டிரைவ், டெஸ்க்டாப் என்று நீள்கிறது, அதாவது அவர் கணினிக்குள் மட்டும் இருக்கும் கோப்பு! செய்து கொடுத்தவர் பணம் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். கடைக்காரர் தம் திரையையும் என் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பழைய வெப்மாஸ்டர்:
எனக்கு நேர்ந்தது, கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, இணைப்பில் சிறிய எழுத்து. விண்டோஸில் ஓடியது, லினக்ஸ் சர்வரில் 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை. அது கிடக்கட்டும், எல்லாருக்கும் சொல்கிறேன். தளத்துக்குள் தளப்பெயர் இல்லாத சார்பு முகவரி போதும். வெளித்தளம் என்றால் எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து முழுதாக எழுதுங்கள். வெறும் டபிள்யூக்களில் தொடங்கினால் உலாவி அதை உங்கள் தளத்திலுள்ள கோப்பு என்றே தேடும். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். முகவரியைப் பிறகு மாற்றவும் வேண்டாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே இதை வலியுறுத்திவிட்டார். புதுத் தாவலில் திறக்க டார்கெட்டில் பிளாங்க் போட்டால், திறந்த பக்கம் பழைய பக்கத்தைத் தொடாமலிருக்க ரெல்லில் நோஓப்பனர் கட்டாயம்.

கோடைமழை:
யாரும் அறிவுரை கேட்கவில்லையே ஐயா! நோஓப்பனரும் பழைய கதை. 2021இல் வந்த குரோம் 88 முதல் அந்த உலாவியே பிளாங்க் இணைப்பை நோஓப்பனர் போட்டதாகத்தான் நடத்துகிறது. எனக்கு அந்த பிளாங்க்தான் எரிச்சல். ஓய்வூதியப் படிவம் தேடிய அப்பாவுக்கு ஒவ்வொரு சொடுக்குக்கும் புதுத் தாவல். திரும்பிப்போகும் பொத்தான் மங்கிக் கிடக்க, அவர் அதையே அழுத்திக்கொண்டிருந்தார். சுட்டி பழுது என்று என்னைத்தான் திட்டினார்.

வெண்ணாறு:
நள்ளிரவு, கடைக்காரருக்குச் சரிசெய்து கொடுத்தீர்களா?

நள்ளிரவு நிரலர்:
விலைப்பட்டியலை மட்டும். படங்களும் அதே சி டிரைவில்தான் இருந்தன.