மீட்டர் 1,400 ரூபாய் ஒயர்: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். புது வீட்டு ஹாலில் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் வைத்தாயிற்று. பாட்டு வருகிறது, ஆனால் அடி இல்லை. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம், அதாவது கனமான ஒலி வரும் பக்கம், அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. கடையில் கேட்டேன், பெட்டியோடு வந்த ஒயர்தான் காரணம் என்று சொல்லி மீட்டர் 1,400 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். இடது ஸ்பீக்கருக்கு 4 மீட்டர், வலதுக்கு 6 மீட்டர், மொத்தம் 14 ஆயிரம். வாங்கலாமா? பெரியப்பா, நீங்கள் மைக் செட் வைத்திருந்தவர், சொல்லுங்கள்.

சித்தி: ஒயருக்கு மட்டும் 14 ஆயிரமா? ஸ்பீக்கர் எவ்வளவுடா?

செந்தில்: ஜோடி 32 ஆயிரம் சித்தி.

பெரியப்பா: பணம் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் கொடுக்காதே.

செந்தில்: இன்னும் இல்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

பெரியப்பா: நல்லது. 22 வருடம் திருவிழாவுக்கு மைக் செட் கட்டியிருக்கிறேன். கோயில் வாசலில் ஆம்ப் இருக்கும், கண்மாய்க்கரையில் ஹார்ன் தொங்கும், நடுவில் 400 மீட்டர் ஒயர், அதுவும் மெல்லிசு ஒயர். ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

செந்தில்: அப்படியானால் என் மெல்லிசு ஒயரே போதுமா பெரியப்பா?

பெரியப்பா: போதாது. அது 100 வோல்ட் லைன். ஹார்னுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 100 வாட் அனுப்ப 1 ஆம்பியர்தான் ஓடும், அதனால் ஒயரில் வீணாவது குறைவு. உன் வீட்டில் 8 ஓம் தடை உள்ள ஸ்பீக்கர். அதே 100 வாட்டுக்கு மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டு ஸ்பீக்கருக்கு ஒயர் கனமாக இருக்க வேண்டும். விலை அதிகமாக இருக்க வேண்டியதில்லை.

கவிதா அக்கா: செந்தில், கணக்கு சொல்கிறேன், இதைத்தான் பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். வலது பக்கம் 6 மீட்டர், போக வர 12 மீட்டர். 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு ஒயர் போட்டால் அதன் தடை 0.1 ஓம் கூட வராது. 8 ஓமில் அது ஏறக்குறைய ஒரு சதவீதம். ஐந்து சதவீதத்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருந்தால் போதும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. உன் பெட்டியோடு வந்தது அரை ஸ்கொயர் இருக்குமா? நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அப்படியென்றால் உனக்கு 0.6 ஓம் வரைக்கும் போகும்.

செந்தில்: சுரண்டினேன் அக்கா. வெள்ளைதான்.

கவிதா அக்கா: அப்போது மாற்ற வேண்டியதுதான். ஆனால் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டு ஒயரிங்குக்கு விற்கிறார்களே, அந்த 2.5 ஸ்கொயர், பல இழை உள்ளது, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கு, அதே போதும்.

குமார் மாமா: நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். போன வருடம் நான் 9 ஆயிரத்துக்கு ஒயர் மாற்றினேன். குரல் தெளிவாயிற்று, என் காதால் கேட்டேன். அதில் ஆக்சிஜன் இல்லாத செம்பு, அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம் ஆம்ப், எந்தப் பக்கம் ஸ்பீக்கர் என்று கூட இருந்தது.

கவிதா அக்கா: மாமா, நீங்கள் கேட்டது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். பழைய ஒயர் எத்தனை வருடம் கிடந்தது?

குமார் மாமா: பத்து பன்னிரண்டு வருடம் இருக்கும்.

கவிதா அக்கா: நுனி கறுத்திருக்கும், திருகு தளர்ந்திருக்கும். புது ஒயர் போட்டபோது அதெல்லாம் சரியாகியிருக்கும். அந்த வித்தியாசம் மீட்டர் 40 ரூபாய் ஒயரிலும் கேட்டிருக்கும். சாதாரண மின் ஒயரில் இருக்கும் செம்பே 99.9 சதவீதம் சுத்தமானது, ஆக்சிஜன் நீக்கினால் கடத்தும் திறன் ஒரு சதவீதம் கூடலாம், அவ்வளவுதான். அம்புக்குறி எனக்குப் புரியவே இல்லை மாமா. ஸ்பீக்கருக்குப் போவது ஏசி மின்சாரம், விநாடிக்குப் பல நூறு தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது, அதற்கு எது திசை?

கவிதா அக்கா: 2007இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவர், 7,250 டாலர் ஒயருக்கும் சாதாரண ஒயருக்கும் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் வித்தியாசம் கண்டுபிடித்தால் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். ஒருவர் முன்வந்தார், ஆனால் ஒயர் நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை கடைசி வரை நடக்கவில்லை.

குமார் மாமா: நடக்காததை வைத்து எப்படிம்மா முடிவு சொல்வது? நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் ஒயரைக் கொண்டு வருகிறேன், செந்தில் வீட்டிலேயே கேட்டுப் பார்ப்போம்.

கவிதா அக்கா: கண்டிப்பாக மாமா, ஆசையாக இருக்கிறது. நான் திரைக்குப் பின்னால் மாற்றுகிறேன், நீங்கள் சொல்லுங்கள், இருபது தடவை. வால்யூமை மட்டும் தொடக் கூடாது, ஒரு துளி சத்தம் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும்.

பெரியப்பா: செந்தில், அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 0.6 ஓமுக்கு அடி கொஞ்சம் மெலியும், ஆனால் அட்டைப் பெட்டி மாதிரி ஆகாது. ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா பார்.

செந்தில்: கடை ஆள் வந்துதான் மாட்டினார் பெரியப்பா. ஒயர் இரண்டு பக்கமும் ஒரே நிறம், கோடு எதுவும் இல்லை.

பெரியப்பா: ஆம்ப்பை அணைத்து, ஒயரை ஆம்ப் பக்கம் கழற்று. சுவர்க் கடிகாரத்து பேட்டரி, 1.5 வோல்ட், அதை எடுத்துக்கொள். ஆம்ப்பில் பிளஸில் இருந்த நுனியை பேட்டரியின் பிளஸில், மற்றதை மைனஸில் ஒரு விநாடி தொட்டு எடு. ஸ்பீக்கர் முன்பக்க வலையைக் கழற்றி வைத்து, பெரிய கூம்பு வெளியே தள்ளுகிறதா உள்ளே இழுக்கிறதா என்று யாராவது பார்க்கட்டும்.

செந்தில்: இடது வெளியே தள்ளுகிறது. வலது உள்ளே இழுக்கிறது!

பெரியப்பா: அதுதான். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, கனமான ஒலி ஒன்றை ஒன்று அழித்துவிடும். வலதில் மாற்றிப் போடு.

செந்தில்: பெரியப்பா. போட்டேன். தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுகிறது. பாடுகிறவர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிறது, இதுவரை அது எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது. அந்தக் கடையில் இதைப் பார்க்காமல் 14 ஆயிரம் கேட்டார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சித்தி: பணம் மிச்சம், விடு. ஆனால் போனில் உன் குரலே எதிரொலிக்கிறதே, ஹால் காலியாகவா இருக்கிறது?

செந்தில்: டைல்ஸ் தரை, வெறும் சுவர்தான் சித்தி. திரை கூட இன்னும் வாங்கவில்லை.

கவிதா அக்கா: சித்தி சரியாகப் பிடித்தார்கள். மிச்சமாகிற பணத்தில் கனமான திரை வாங்கு, ஸ்பீக்கருக்கும் நீ உட்காரும் இடத்துக்கும் நடுவில் தரையில் ஏதாவது விரி. 14 ஆயிரம் ஒயரால் வராத மாற்றம் அதில் வரும்.

சித்தி: என்னிடம் பெரிய பவானி ஜமக்காளம் ஒன்று பரணில் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

செந்தில்: கொண்டு வாருங்கள் சித்தி. ஒயரும் இன்றே மாற்றிவிடுகிறேன். பெரியப்பா, எவ்வளவு வாங்கட்டும்?

பெரியப்பா: சிவப்பு 10 மீட்டர், கறுப்பு 10 மீட்டர். அரை அரை மீட்டர் கூடவே வாங்கு. சிவப்பு என்றால் பிளஸ், இனி குழப்பமே இல்லை. இரண்டையும் சேர்த்து முறுக்கி இழு. நுனியில் ஒரு இழை கூட வெளியே நீட்டக் கூடாது, பிளஸும் மைனஸும் தொட்டால் ஆம்ப் போய்விடும். மாட்டிவிட்டு ஆன் செய்வதற்கு முன்னால் படம் எடுத்து அனுப்பு.