பூங்கா ரோட்டை நாங்களே சரிசெய்தோம்: உங்கள் தெருவில் எப்படி?

தாம்பரம் பக்கத்திலிருந்து

எங்கள் நகரில் பூங்காவுக்குப் போகிற ரோடு 200 மீட்டர்கூட இருக்காது. லேஅவுட் போட்டவர் விதிப்படி 10 சதவீத இடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி, ரோடுகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, சறுக்குமரம் வந்தது, எட்டு போடும் நடைபாதைகூட வந்தது. அங்கே போய்ச் சேருகிற வழியைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை தோண்டினார்கள், பாதாளச் சாக்கடைக்கு இன்னொரு முறை. தோண்டிய மண்ணையே தள்ளி மூடியதில் இருந்த கொஞ்சநஞ்சத் தாரும் போயிற்று.

சித்திரை, வைகாசியில் ஒரு குட்டியானை வண்டி போனால் போதும், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் துண்டையும் முந்தானையையும் மூக்கில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். ஓர வீடுகளில் துணி காயப்போட முடியாது. ஐப்பசி பிறந்தால் எது பள்ளம், எது ரோடு என்றே தெரியாது. மனு கொடுத்தோம். நிதி வந்ததும் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது?

நாமே இறங்கலாமா என்று கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு வந்தவர்கள் கொஞ்சம். அவர்களிலும் பாதிப் பேர் எங்கள் நகரில் குடியிருப்பவர்களே இல்லை. முனையில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன், ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், இஸ்திரி வண்டிக்காரர். புழுதியைத் தின்பதும் சக்கரம் உடைவதும் அவர்களுக்குத்தானே.

நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் ஓவர்சியர் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் மண்வெட்டி இல்லை, ஒரு பக்கெட் தண்ணீர் மட்டும். ரோட்டின் நடுவில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் ஓரத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் தயங்கி, திரும்பி, நேராகப் பெரிய பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டது. இன்னும் ஐந்தாறு இடத்தில் ஊற்றினார். எங்கேயும் அதே கதை.

“பள்ளம் தானா வரலை சார். தண்ணி போக வழியில்லாம நின்னு, அடிமண்ணை ஊறவெச்சு, மேல சக்கரம் ஏறி அமுக்கி அமுக்கி வந்தது. நீங்க எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அடுத்த மழைக்கு இங்கேயே திரும்ப வரும். முதல்ல ரேம்ப்பை எடுங்க, அப்புறம் ஜல்லி பேசலாம்” என்றார்.

ரேம்ப் என்றதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. வீட்டுத் தளத்தை உயர்த்திக் கட்டிவிட்டு, கார் ஏற வேண்டும் என்பதற்காக ரோட்டுக்குள்ளேயே சிமெண்ட் சரிவு போட்டு வைத்திருக்கிறோமே, அதுதான். ஓரமாக ஓட வேண்டிய தண்ணீரை ஒவ்வொரு வாசலும் மறித்துக்கொண்டு நின்றது. அதிலும் நீளமானது சங்கத் தலைவர் வீட்டு ரேம்ப். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார், சம்மட்டி கேட்டார். அவருடையது உடைந்த பிறகு மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை மாட்டேன் என்றுவிட்டார். அவர் ரேம்ப்புக்கு அடியில் ஓட்டை போட்டு பிவிசி பைப்பைச் செருகினோம். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

வார்டு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கினோம். அடியில் குழாய் போகிறது, ஆழமாகத் தோண்டக் கூடாது என்றார்கள். குழாய் எங்கே என்று காட்ட லைன்மேனையும் அனுப்பினார்கள். அது நல்லதாய்ப் போயிற்று, நாங்கள் கடப்பாரை போட நினைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய்.

பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் ரப்பீஸ் இலவசமாகக் கிடைத்தது. நிறையப் பேருக்கு அதைக் கொட்டி முடித்துவிட ஆசை. ஓவர்சியர் சார் ஒரு செங்கல் துண்டை எடுத்து இன்னொன்றில் தேய்த்துக் காட்டினார், உள்ளங்கை முழுக்கச் செம்பொடி. “புழுதி வேண்டாம்னுதானே வந்தீங்க?” என்றார். ஆணி, டைல்ஸ் சில்லு எல்லாம் டயருக்குப் பகை என்று ஆட்டோக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரப்பீஸ் திரும்பிப் போனது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பள்ளத்தில் இருந்த சேற்று மண்ணை வழித்து எடுத்து, ஓரத்தைக் கடப்பாரையால் நேர்க்குத்தாக வெட்டி, 40 எம்எம் ஜல்லி பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்தோம். சரிவாக விட்டால் ஜல்லி உருண்டு வெளியே வந்துவிடுமாம். மேலே 20 எம்எம், இடுக்குகளில் இறங்கும்படி கிரஷர் பொடி, தண்ணீர் தெளித்து வாடகை ரோலர். ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும், நடுவில் தொடங்கினால் ஜல்லி ஓரத்துக்குப் பிதுங்கும் என்று ஓட்டுநரிடம் சண்டையே போட்டார் ஓவர்சியர் சார். 20 அடி ரோட்டுக்கு நடு முதுகு மூன்று, மூன்றரை அங்குலம் தூக்கலாக இருக்க வேண்டும். அதை டியூப் லெவலும் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) நூலும் பிடித்துப் பார்த்துக் கொடுத்தவை பத்தாவது படிக்கிற பிள்ளைகள். அன்றைக்கு அவர்கள் கையில் போன் இல்லை, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உங்கள் பக்கத்தில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கோவையிலிருந்து

நாங்களும் செஞ்சோமுங்க, ஆனால் கிராவல் மண்ணோடு நிறுத்திக்கொண்டோம். லோடு மலிவு, பரப்புவதும் சுலபம். போட்ட அன்று பார்க்க அவ்வளவு அழகு. வெயில் காலத்தில் பூங்கா மரமெல்லாம் செந்நிறம், மழைக்குக் காலை வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும். தண்ணி லாரி விட்டுத் தெளித்துப் பார்த்தோம், மத்தியானத்துக்குள் பழையபடி பறக்கிறது. மேலே ஜல்லி போட்டால் அடங்குமா, இல்லை மொத்தத்தையும் வழித்து எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாப் போகும்.

திருச்சியிலிருந்து

எங்கள் தெருவில் கல்லும் மண்ணும் தகராறு பண்ணவில்லை, காசுதான் பண்ணியது. வாடகைக்கு இருப்பவர்கள் கொடுக்க வேண்டுமா, வீட்டுச் சொந்தக்காரர் கொடுக்க வேண்டுமா என்பதிலேயே இரண்டு கூட்டம் போனது. கடைசியில் பெண்கள் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டு வீடு வீடாகப் போனோம். முடிந்ததைக் கொடுங்கள், முடியாதவர்கள் அரை நாள் வேலைக்கு வாருங்கள் என்றோம். வரவையும் செலவையும் ரசீதோடு பூங்கா கேட்டில் ஒட்டினோம். ஒட்டிய பிறகு தானாக வந்து கொடுத்தவர்கள் நிறைய.

ஒன்று சொல்ல வேண்டும். தார் ரோடே வேண்டுமென்றால் கைவேலையில் தீராது. நமக்கு நாமே திட்டம் 1997-இல் வந்தது, 2021-இல் மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதி அரசு போடும், வேலையை உள்ளாட்சியே செய்யும். அலைச்சல் உண்டு. ஆனால் திரட்டின பணம் வீண்போகாது. கிராமப் பக்கம் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே போட்டுவிடலாம். முன்பு வருடத்துக்கு நான்கு கூட்டம்தான், இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு கூடியிருக்கிறது. தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட ஊர்ச் சிறுவர் பூங்கா றோட்டையும் சிரமதானத்தில்தான், அதாவது ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலையில்தான், திருத்தினோம். இலங்கையில் இது புதிதில்லை. 1958-இல் கொழும்பில் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பின்தங்கிய கிராமமொன்றுக்குப் போனதில் தொடங்கியது சர்வோதய இயக்கம். நாங்கள் பாதையை அமைக்கிறோம், பாதை எங்களை அமைக்கிறது என்பது அவர்களின் வாசகம். பாதை எங்களை என்ன செய்ததென்று சொல்லத் தெரியவில்லை, முதுகை ஒரு வழி பண்ணியது உண்மை.

எங்கட மண்ணில் ஒரு கரைச்சல் இருக்கிறது. அடியெல்லாம் சுண்ணக்கல். அதை உடைத்துப் போட்டால் சக்கரம் பட்டு மாவாகி, வேலியில் நிற்கும் கிளுவைகூட வெள்ளையாகிவிடும். கிறவல் வன்னியிலிருந்து வர வேண்டும், அதற்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் டிப்பர் ஓடாது. சனசமூக நிலையம் கடிதம் கொடுத்து, பிரதேச சபை றோலர் தந்தது, டீசல் எங்கள் செலவு. லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கரக் கை டிராக்டர்) வைத்திருந்தவர்கள் இழுவைப் பெட்டியோடு வந்து கிறவல் ஏற்றினார்கள். அம்மாமார் பிளேன்ரீயும் வடையும் தந்து எங்களைக் கலையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

தாம்பரம் நண்பர் சொன்ன தண்ணீர் விஷயம் இங்கேயும் அப்படியே. நாங்கள் முதலில் கை வைத்தது றோட்டிலல்ல, தூர்ந்துபோய்க் கிடந்த மதகில். பிளாஸ்டிக் போத்தலும் தேங்காய் மட்டையுமாக அள்ளி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. மதகு திறந்திருப்பதால் மார்கழி வெள்ளம் றோட்டில் நிற்பதில்லை.

தாம்பரம் பக்கத்திலிருந்து

கோவை நண்பருக்கு: ஓவர்சியர் சாரிடம் கேட்டேன். கிராவலை வழித்துக் கொட்ட வேண்டாம் என்கிறார். முதுகு எழும்பும்படி சீவி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்கிவிட்டால் அதுவே அடித்தளம். மேலே ஜல்லியும் பொடியும் சேர்த்து நனைத்து இறுக்கலாம். இறுகாத கிராவல் மேல் ஜல்லியைச் சும்மா கொட்டினால் ஜல்லி உள்ளே போகும், மண் மேலே வரும் என்றார். மண்ணைக் கொஞ்சம் நனைத்துக் கையில் உருட்டிப் பார்க்கச் சொன்னார். களி மாதிரி ஒட்டினால் அது மழைக்கு ஆகாத மண், நல்ல கிராவல் கலக்க வேண்டும்.

எங்கள் கதையும் முடிந்துவிடவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ரோடு தாங்கியது, பூங்கா கேட் மூலை ஒன்றைத் தவிர. அங்கே மழைக்கு முன்பே போர்வெல் லாரி ஏறி ஓரத்தை நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. வீடு கட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, கனரக வண்டி வந்து உடைத்தால் ஜல்லிக்கு அவர்களே பொறுப்பு என்று எழுதி வாங்குவது என முடிவாகியிருக்கிறது. எழுதிக் கொடுப்பார்களா என்று தெரியாது. அந்த மூலைக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஜல்லி தேவைப்படும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். திருச்சி அக்கா, கேட்டில் ஒட்டின அந்தக் கணக்குத் தாளின் படம் இருந்தால் போடுங்கள்.