அக்கரைப்பற்று எப்போது மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது?

அக்கரையூரான்: உம்மம்மாவின் (உம்மாவின் தாயார்) பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம், என்னுடையதில் அம்பாறை. இருவருக்கும் அதே வளவுதான். எப்போது பிரித்தார்கள்?

கல்லடிக்காரன்: 1961இல் தம்பி. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைக் கட்டி, குடியேற்றங்கள் பெருகின பிறகு தெற்குப் பக்கத்தை வெட்டித் தனி மாவட்டம் ஆக்கினார்கள், கச்சேரியையும் (மாவட்டச் செயலகம்) கரையோரத்தில் வைக்காமல் உள்ளே அம்பாறை நகரில் வைத்தார்கள். கரையோரத்துப் பொத்துவில்காரரைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகத் திட்டுவார்கள்.

வாவிக்கரை: மாகாணம் மட்டும் என்னவாம்? 1833இல் கிழக்கு மாகாணம் உருவானபோது பொலன்னறுவைப் பக்கத்துத் தமன்கடுவையும் இதற்குள்தான். 1873இல் அது வடமத்திய மாகாணத்துக்குப் போனது. 1988இல் வடக்கோடு தற்காலிகமாக இணைத்தார்கள், இணைப்புத் தொடர வேண்டுமா என்று கேட்கும் சர்வசன வாக்கெடுப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்கள், கடைசியில் 2006இல் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றுவிட்டது.

அக்கரையூரான்: சரி, அம்பாறையின் கரையோரப் பகுதிகளைப் பிரித்துத் தனியாகக் கரையோர மாவட்டம் கேட்டார்களே?

கல்லடிக்காரன்: இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.