பழைய மோட்டார்சைக்கிளுக்கு மாற்று உதிரிபாகங்கள்: எதற்கு முழு விலை கொடுக்கலாம்?

ஈசூன்வாசி:

வணக்கம். என்னுடையது 2002இல் பதிவான ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். நான்கு கார்புரேட்டர்கள் கொண்ட பழைய வகை. இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பெயர் பொறிக்கப்படாத ஒரு ரெகுலேட்டரை, அதாவது பேட்டரிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, பொருத்தியிருக்கிறார். இன்ஜின் மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் சுழற்சி நிமிடத்துக்கு 5,000ஐத் தொட்டதும் பேட்டரி முனைகளில் 15.6 வோல்ட் காட்டுகிறது. முகப்பு விளக்கு அடிக்கடி எரிந்துபோவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதோடு முன் ஃபோர்க் எண்ணெய் சீல், கார்புரேட்டர் டயாஃபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு), முன் பிரேக் பேட் ஆகியவற்றையும் மாற்ற வேண்டியுள்ளது. இங்கே சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு கடைக்காரர், ஹோண்டா பெட்டியில் வரும் ஒரிஜினல் தவிர வேறெதையும் தொடவேண்டாம் என்கிறார். இரண்டு கடை தள்ளி இருப்பவரோ, பெட்டிக்குத்தான் காசு, உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றுதான் என்கிறார். அரசு விதிப்படி 2028 நடுவில் இந்த வண்டி சாலையை விட்டுப் போகவேண்டிய நிலையில், எதற்கு முழு விலை கொடுப்பது, எதில் சிக்கனம் பார்ப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சின்மிங்ஸ்பேனர்:

ஐயா, முதலில் அந்த ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டிய மின்னேற்றம் விளக்கோடு நிற்காது. பேட்டரியைக் கொதிக்கவைத்து, பின்னர் இக்னிஷன் பெட்டியையும் பதம் பார்த்துவிடும். அந்தப் பெட்டிக்கு இப்போது புதிது தேடுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களுடையது போன்ற அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் சுருள் தொகுதியான ஸ்டேட்டர் எப்போதும் தன் முழுத் திறனுக்கு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். வண்டிக்குத் தேவையானது போக மிஞ்சுவதை ரெகுலேட்டர் ஸ்டேட்டரின் சுருள்களையே குறுக்காக இணைத்துத் தீர்த்துவிடும். அந்த வேலையில் எழும் வெப்பத்தைத் தாங்கும் அளவுக்குத் தைரிஸ்டர்கள் எனும் மின்னணு விசைகளும், அவற்றைச் சுற்றி ஊற்றிய பிசினும், அலுமினிய உடலும் தரமாக இருக்க வேண்டும். மலிவான மாற்றுப் பொருளில் குறைவது இந்த மூன்றுதான். வெளியே வெப்பம் தணிக்க இருக்கும் துடுப்புகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் வெயிலில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் காற்றோட்டமின்றி நிற்கும் வண்டியில் அந்தக் குறை சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

ஒரிஜினல் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால், ஷின்டென்கென் நிறுவனத்தின் எஃப்எச்020 போன்ற மாஸ்ஃபெட் வகையை (தைரிஸ்டருக்குப் பதில் குறைவாகச் சூடாகும் டிரான்சிஸ்டர்கள் கொண்டது), வேறொரு பெரிய ஜப்பானிய வண்டிக்காகத் தயாரிக்கப்பட்டதாக இருந்தாலும், கம்பிகளை மாற்றி இணைத்துப் பயன்படுத்தலாம். பெயரில்லாத புதிய பொருளைவிட, நல்ல நிலையில் கழற்றிய அத்தகைய பழைய பொருளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு சோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளுக்கு இடையே மின்தடையை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எந்தக் கம்பிக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. அடுத்து, இணைப்பானின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். கருகிய இணைப்பானில் எவ்வளவு நல்ல ரெகுலேட்டரை மாட்டினாலும் பயனில்லை. எல்லாம் முடிந்தபின், சூடான இன்ஜினில் 5,000 சுழற்சியில் 13.5 முதல் 14.8 வோல்ட்டுக்குள் நின்றால் சரி.

அளவுகோல்:

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைதான் என் வேலை. நீங்கள் சந்தித்த இரண்டு கடைக்காரர்களும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஹோண்டா தன் பாகங்கள் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. சங்கிலி, தீப்பொறிப் பிளக், எண்ணெய் சீல், பேரிங் முதலியவற்றை வேறு நிறுவனங்கள் செய்து தருகின்றன. அதே நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும்போது, பல வேளைகளில் பொருள் ஒன்றாகவும் விலை குறைவாகவும் இருக்கும். ஆகவே "ஒரிஜினலா, மாற்றா" என்று கேட்பதைவிட "இதைச் செய்தவர் யார்" என்று கேட்பதே பலன் தரும்.

ஹோண்டாவின் பாக எண் இதற்கு உதவும். முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் வகையைக் குறிக்கும். 31600 என்று தொடங்கினால் அது ரெகுலேட்டர். நடுவில் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்து வரக்கூடிய மூன்று குறிகள், அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். உங்கள் வண்டியின் பாகப் பட்டியலில் வேறொரு வண்டியின் குறியீடு நடுவில் இருந்தால், அந்த வண்டிக்கு உரிய பாகமே உங்களுடையதிலும் பொருந்துகிறது என்று அர்த்தம். சிபி400க்கு என்று தேடி ஏமாறுவதைவிட, முழு எண்ணைத் தேடினால் கையிருப்பு எங்கேயாவது அகப்படும்.

பேரிங் வாங்கும்போது மட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், அவ்வளவுதான். எஃகின் தரத்தை அந்த எண் சொல்லாது. புகழ்பெற்ற பெயர்கள் பொறித்த போலிகள் இந்தச் சரக்கில் ஏராளம் என்பதால், மோட்டார்சைக்கிள் கடையைவிடத் தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையில் வாங்குவது பாதுகாப்பானது.

இனி, ஒரிஜினலே வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று: ரப்பர் அலமாரியில் இருந்தாலும் மூப்படையும். ஐஎஸ்ஓ 2230 தரநிலை, நைட்ரைல் ரப்பர் சீல்களுக்கு முறையான சேமிப்பில் முதற்கட்டமாக 7 ஆண்டுகளையே வரம்பாக வைக்கிறது. மறுபரிசோதனை செய்தால் மேலும் 3 ஆண்டுகள். குளிரூட்டப்படாத கிடங்கில் 15 ஆண்டுகள் கிடந்த ஒரிஜினல் ஃபோர்க் சீலைவிட, அண்மையில் தயாரான, நம்பகமான மாற்று சீல் மேலானது. டயாஃபிரத்துக்கும் இதுவே பொருந்தும்: வெளிச்சத்துக்கு எதிரே மெல்ல இழுத்துப் பிடித்து ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹோண்டாவுக்குக் கார்புரேட்டர், ஃபோர்க், பிரேக் முதலியவற்றைச் செய்து தந்த கெய்ஹின், ஷோவா, நிசின் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2021இல் ஹிட்டாச்சி அஸ்டெமோவுக்குள் இணைந்துவிட்டன. பெட்டியின் மேல் பெயர் மாறியிருப்பதாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாம்கியர்:

அளவுகோல் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிரேக் பேட் விஷயத்தில் யார் செய்தார் என்பதோடு நிறுத்திவிட முடியாது. பேடின் பின்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையின் உராய்வையும் இரண்டாவது சூடான நிலையின் உராய்வையும் குறிக்கும். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். எந்த எழுத்தும் இல்லாத பேடை நான் தொடுவதில்லை. மழையில் நனைந்தபடி உணவு விநியோகம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈரமான டிஸ்க்கில் சின்டர்ட் (உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த) பேடின் பிடிப்புக்கு ஈடில்லை. பழைய டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும் என்பது மட்டுமே அதன் குறை.

கண்ணாடி, லீவர், சிக்னல் மூடி, கைப்பிடி உறை ஆகியவற்றுக்கு ஜோகூர் பாருவில் கிடைக்கும் மலிவான பொருளே போதும். கேபிளில் மட்டும், உள்கம்பியின் முனையில் ஈயக் குமிழ் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் நன்றி. ரெகுலேட்டரையும் பிரேக்கையும் பற்றி ஐயமில்லை. கார்புரேட்டருக்கு ஜெட் (எரிபொருள் அளவாகச் செல்லும் சிறுதுளைப் பாகம்), ஊசி, ரப்பர் வளையம் எல்லாம் அடங்கிய பழுதுபார்ப்புப் பெட்டி ஒன்று கொள்ளை மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? ஆண்டுச் சோதனையில் புகை அளவு ஏற்கெனவே விளிம்பில்தான் இருக்கிறது.

சின்மிங்ஸ்பேனர்:

பெட்டியை வாங்கினாலும் ரப்பர் வளையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜெட்டுகளையும் ஊசிகளையும் ஓரமாக வையுங்கள். அவற்றில் பொறித்திருக்கும் எண்ணும் துளையின் உண்மையான அளவும் ஒத்துப்போவதில்லை. நான்கு கார்புரேட்டர்களில் நான்கு விதமாக எரிபொருள் இறங்கினால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடும். உங்கள் பழைய பித்தளை ஜெட்டுகள் கெய்ஹின் செய்தவையாக இருந்தால், கம்பியால் குத்தாமல் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தாலே அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

புகை விளிம்பில் இருப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். 1.7.2003க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 6.4.2023 முதல் வரம்பு கடுமையாக்கப்பட்டுவிட்டது. 30.6.2028க்குப் பிறகு, பழம்பெரும் வாகனத் திட்டங்களில் உள்ளவை தவிர, அந்த வண்டிகள் சாலையில் ஓட முடியாது. எஞ்சிய காலத்துக்காகப் பிஸ்டனையோ கிளட்ச் கூடையையோ தேடி வாங்கிச் சேமிக்க வேண்டாம். ஒரு டயாஃபிரத் தொகுதி, ஒரு ரெகுலேட்டர், நல்ல பேட் இவ்வளவுக்கு மட்டும் செலவிடுங்கள். டயாஃபிரத்தை மாற்றியதும் நான்கு கார்புரேட்டர்களின் வெற்றிடத்தையும் அளவுமானி வைத்துச் சமன்செய்யச் சொல்லுங்கள். அதன்பின் சோதனை நிலையத்துக்கு இன்ஜின் நன்கு சூடாகும்படி நேராக ஓட்டிச் செல்லுங்கள்.