மரநிழலில் டெஸ்சாம்ப்சியா: தூரின் நடு ஏன் அழுகுகிறது?

வேர்மண்:
மரத்தடியில் நட்ட டெஸ்சாம்ப்சியா செஸ்பிடோசா என்ற அலங்காரப் புல் முதல் ஆண்டு நன்றாகத்தான் தூர் கட்டியது. அடுத்த வசந்தத்தில் நடு வெளுத்துவிட்டது. விலக்கிப் பார்த்தால் குருத்தின் அடி பழுப்பாகி, கொழகொழவென்று கையோடு வருகிறது. ஓரத்தில் மட்டும் பச்சை வளையம். நிழல் தாங்கும் புல் என்பதெல்லாம் அரைநிழலுக்குத்தான் பொருந்தும்.

பச்சைவரப்பு:
நிழலைக் குறை சொல்லாதீர்கள். அடர்நிழலில் கதிர் குறையும், இலை தளர்ந்து சாயும். அழுகலுக்குக் காரணம் வேறு. மண்மேல் பரப்பிய மூடாக்கு தூரின் கழுத்தை, அதாவது குருத்து மண்ணைவிட்டு எழும் இடத்தை, தொடுகிறதா பாருங்கள். சுற்றிலும் 5 செ.மீ. வெற்றிடம் வேண்டும். நடும்போதும் தொட்டியில் இருந்த மண்மட்டத்துக்குக் கீழே புதைக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் சருகு தூருக்குள் அடைந்து நனைந்து கிடந்தாலும் இதே கதிதான். விரலால் கோதி எடுத்துவிடுங்கள்.

ஈரநிலம்:
மூடாக்கு சரி. ஆனால் மரத்தடியில் இந்தப் புல் பெரும்பாலும் சாவது வறட்சியால். மேப்பிள், பிர்ச் போன்ற மரங்களின் மேல்வேர் ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடும். அப்போது இலைநுனியிலிருந்து காய்ந்து தூர் முழுதும் வைக்கோல் நிறமாகும், கொழகொழப்பு இருக்காது. 10 செ.மீ. ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

பழைய தூரை வசந்தத் தொடக்கத்தில் தோண்டி, அழுகிய நடுவை வெட்டி எறியுங்கள். ஓரத்துப் பச்சையைக் கைப்பிடி அளவுத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் வேர் இருக்கும்படி பிரித்து, 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். மக்கிய இலை உரம் கலந்தால் ஈரம் நிற்கும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. குளிர்பருவப் புல் இது, கோடையில் பிரிக்கவே வேண்டாம். பழைய இலையைக் குளிர்கால இறுதியில், புதுத் தளிர் வருமுன் 8 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். விதையென்றால் மண்மேல் தூவி அழுத்தினால் போதும், மூடக் கூடாது. 'கோல்ட்டாவ்' போன்ற ரகங்களுக்குத் தூர் பிரிப்பதே வழி. விதையில் தாயின் குணம் அப்படியே வராது.

வேர்மண்:
மூடாக்கு கழுத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நடுவில் புதிதாக மெல்லிய தளிர்கள் தெரிகின்றனவே, அதே புல்தானா?

பச்சைவரப்பு:
செத்த நடுவில் வேறு புல் முளைப்பது சகஜம். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். டெஸ்சாம்ப்சியாவில் வெளிறிய கோடுகள் நீளவாக்கில் தெளிவாகத் தெரியும். நுனியிலிருந்து அடிக்கு வருடினால் சொரசொரக்கும். வழவழப்பாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.