இயற்கணிதம் நடைமுறையில் எங்கே வருது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?

கேட்டவர்: திருமங்கலத்துக்காரன்

வணக்கம். மகள் ஒன்பதாவது படிக்கிறா. கூட்டல், கழித்தல், சதவீதம் எல்லாம் கடைக்குப் போனா வேணும்னு அவளே ஒத்துக்கிறா. "எக்ஸ், ஒய் கண்டுபிடிச்சு யாருக்கு என்னப்பா ஆகப்போகுது?"ன்னு கேக்குறா. "படிச்சா மூளை வளரும்"னு சொல்லித் தட்டிக்கழிக்க மனசு வரல. மதுரைப் பக்கம் கடையிலயோ வயல்லயோ சமன்பாடு இல்லாம விடை தப்பாப் போற இடம் இருந்தா எண்ணோட சொல்லுங்க.

பதில் 1: கரும்பலகை

பாப்பா கேக்குறது நியாயமான கேள்விங்க. சாதாரணக் கணக்கு முன்னாடி போகும்: விலை தெரியும், வரி தெரியும், பில் எவ்வளவு? அதே வழியில திரும்பி வரணும்னா இயற்கணிதம் வேணும்.

ஒரு மிக்ஸி 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,720 ரூபாய்னு வைங்க. வரிக்கு முந்தின விலை என்ன? 4,720ல 18 சதவீதம், அதாவது 849.60 கழிச்சு 3,870.40னு சொல்றவங்க நிறைய. தப்பு. வரி போட்டது 4,720 மேல இல்ல, நமக்குத் தெரியாத அந்த விலை மேல. அதை "வி"ன்னு வச்சா வி + 0.18வி = 4,720. அதாவது 1.18வி = 4,720. வி = 4,000. தெரியாத எண்ணுக்கு ஒரு பேரு வச்சதாலதான் எதுக்கு மேல சதவீதம்ங்கிறது தெளிவாச்சு.

பிள்ளைங்க சறுக்குற இடத்தையும் சொல்லிடுறேன். எழுத்தைப் பொருள்னு நினைக்கிறதுதான் பெரிய சறுக்கல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல 3 கிலோ மல்லியும் 2 கிலோ பிச்சியும் 3,400 ரூபாய். 1 கிலோ மல்லியும் 2 கிலோ பிச்சியும் 1,800 ரூபாய்னு ஒரு கணக்கு. 3ம + 2ப = 3,400ன்னு எழுதினதும் "ம"ன்னா மல்லின்னு படிச்சுட்டு, 5மப-ன்னு சேர்த்துடுறாங்க. "ம" பூ இல்ல, ஒரு கிலோ மல்லியோட விலை. அது ஒரு எண். ரெண்டாவது பில்லை முதல் பில்லுல இருந்து கழிங்க: பிச்சி போயிடும், 2ம = 1,600. மல்லி 800, பிச்சி 500.

"அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிரும்"னு மனப்பாடம் பண்ண வைக்கிறதும் ஆபத்து. அப்படிப் படிச்ச பிள்ளை 3வி = 12ஐப் பார்த்ததும் வி = 12 − 3 = 9ன்னு எழுதும். எண் எங்கயும் போறதில்ல. தராசுல ரெண்டு தட்டுலயும் ஒரே வேலையைச் செய்றோம்; இங்க ரெண்டு பக்கத்தையும் 3ஆல வகுக்கிறோம். வி = 4.

பதில் 2: பெரியாறு பாசனம்

வயல்ல வேணும்னா உரக்கணக்கைப் பாருங்கண்ணே. நெல்லுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20 கிலோ வேணும்னு வைங்க. டிஏபி உரத்துல தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். யூரியாவுல தழைச்சத்து மட்டும், அதுவும் 46 சதவீதம்.

மணிச்சத்து டிஏபியில இருந்து மட்டும்தான் வருது, அதனால அதை முதல்ல போடணும். டிஏபி "டி" கிலோன்னா 0.46டி = 20, டி = 43.5 கிலோ.
தழைச்சத்து ரெண்டுலயும் வருது. யூரியா "யூ" கிலோன்னா 0.18டி + 0.46யூ = 60. டிஏபியே 7.8 கிலோ கொடுத்துடுது. மீதி 52.2 கிலோவுக்கு யூரியா 113 கிலோ. 45 கிலோ மூட்டைக் கணக்குல ரெண்டரை மூட்டை.

தப்பு எங்க நடக்குதுன்னா, 60ஐ அப்படியே 0.46ஆல வகுத்து 130 கிலோ யூரியான்னு எடுத்துடுறாங்க. டிஏபி கொடுக்கிற தழைச்சத்து கணக்குல வரல. அந்த 17 கிலோவுக்குக் காசு போறது ஒரு பக்கம். தழைச்சத்து கூடினா பயிரு கரும்பச்சையா மதமதன்னு வளந்து இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் சுலபமா ஏறும், கதிர் வந்த பிறகு சாயும்.

டிஏபியைப் பிரிக்காம முழு 50 கிலோ மூட்டையாப் போட்டாலும் மறுபடி முதல்ல இருந்து யோசிக்க வேண்டாம். யூ = (60 − 0.18டி) ÷ 0.46. டி இடத்துல 50 போட்டா யூரியா 111 கிலோ. ஒரு தடவை எழுதின வரி எல்லா மூட்டைக்கும் ஆகும்.

பதில் 3: ஆவணி மூலவீதி

நகைக் கணக்கையும் சேர்த்துக்கங்க. கையில 1 லட்சம், கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பத்து கிராம் வாங்கலாம்னு கிளம்பி வந்துட்டு பில்லைப் பார்த்துத் திகைக்கிறது இங்க வழக்கம். சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம்னா, எடை "எ"வுக்கு: எ × 10,000 × 1.12 × 1.03 = 1,00,000. எ = 8.67 கிராம். ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 12ஐயும் 3ஐயும் கூட்டி 15 சதவீதம்னு போடாதீங்க. வரி சேதாரத்து மேலயும் விழுது.

இன்னொண்ணு. ஒரு கடையில சேதாரம் 14 சதவீதம், செய்கூலி இல்ல. பக்கத்துக் கடையில சேதாரம் 8 சதவீதம், கிராமுக்குச் செய்கூலி "கூ" ரூபாய். எது மலிவு? ரெண்டு கடையும் ஒரே விலையாகுற இடத்தை முதல்ல பாருங்க: 1.14 × 10,000 × எ = (1.08 × 10,000 + கூ) × எ. ரெண்டு பக்கமும் எடை அடிபட்டுப் போகுது பாருங்க. கூ = 600. செய்கூலி கிராமுக்கு 600க்குக் கீழ இருந்தா ரெண்டாவது கடை, மேல போனா முதல் கடை. தோடா இருந்தாலும் ஆரமா இருந்தாலும் இதே பதில்தான்.

கேட்டவர்: திருமங்கலத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. யூரியா கணக்கைப் போட்டுக் காட்டினேன், அடுத்த கேள்வி உடனே வந்துருச்சு: "இதெல்லாம் ஒருபடிச் சமன்பாடு. பத்தாவதுல இருபடி வருதே, அது எதுக்கு?"

பதில் 4: மனைக்கணக்கு

உள்ளதைச் சொல்லணும்னா, பத்தாவதுல வர்ற பல்லுறுப்புக் கோவை வர்க்கமூலம் மாதிரி சிலது கடைத்தெருவுல வராது தம்பி; மேற்படிப்புக்கு அஸ்திவாரம். இருபடிச் சமன்பாடு அப்படியில்ல, பரப்பு வந்தாலே அது வந்துடும்.

8 சென்ட் மனை, நீளம் அகலத்தைவிட 20 அடி கூட இருக்கணும். வேலிக்குக் கல் ஊன்ற அளவு வேணும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, மொத்தம் 3,484.8. அகலம் "அ"ன்னா அ(அ + 20) = 3,484.8. 20ல பாதி 10, அதோட வர்க்கம் 100; அதை ரெண்டு பக்கமும் கூட்டுங்க: (அ + 10)² = 3,584.8. வர்க்கமூலம் 59.87. அகலம் 49.87 அடி, நீளம் 69.87 அடி, சுத்தி வர வேலி 239.5 அடி.

வர்க்கமூலம் மைனஸ் 59.87 ஆகவும் இருக்கலாமே, அப்ப அ = −69.87 வருதேன்னு பாப்பா கேப்பா. கேக்கணும். "அ"ங்கிறது அகலம்னு நாம சொல்லியிருக்கோம், அதனால இங்க அது ஆகாது. ஆனா மைனஸ் விடை எப்பவுமே தள்ளுபடி இல்ல. கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628லயே கூட்டல் எண்ணைத் தனம்னும் கழித்தல் எண்ணை ருணம், அதாவது கடன்னும் பேர் வச்சுத்தான் விதி எழுதினார். கடை லாபக் கணக்குல இதே மைனஸ் வந்தா அது நட்டம். அதை அடிச்சுட்டா கணக்கே பொய்யாயிடும். எழுத்து எதைக் குறிக்குதுன்னு முதல் வரியிலேயே பாப்பாவை எழுதி வைக்கச் சொல்லுங்க. எந்த விடையை எடுக்கணும்ங்கிறதை அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.